உள்ளே வந்த காப்பி வெளியே போன வரலாறு

மனித குலத்தின் முன்னேற்றத்தில் அக்கறை உள்ள அனைவருக்கும் தாழ்மையுடன் தெரிவிக்கப்படுவது: பொதுப் படிவக் கழகத்தின் நாற்பத்தோராண்டு வரலாற்றில் முதல் முறையாக, ஒரு திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பத்தாறுக்கு, ஊழியர் ஒருவர் தம் வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்தார். அந்தக் கட்டடத்துக்குள் இதற்கு முன் மழைத் தண்ணீர் வந்திருக்கிறது. ஒரு தடவை சின்னதாகத் தீ வந்திருக்கிறது. யாருடையது என்று தெரியாத ஆடு ஒன்று இரண்டாம் மாடிவரை வந்து, எந்தப் பிரிவிலும் வேலை இல்லை என்று தெரிந்துகொண்டு இறங்கிப் போயிருக்கிறது. காப்பி வந்ததில்லை.

கொண்டுவந்தவர் மூன்றாம் பிரிவு எழுத்தர். புரட்சி செய்யும் எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது, அவ்வளவுதான். மகளின் வகுப்பு ஆசிரியை எழுதியது. “உங்கள் பெண்ணுக்குக் கரும்பலகை தெரியவில்லை. பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுகிறாள். பக்கத்துப் பெண் எல்லாவற்றையும் தப்பாக எழுதுகிறாள்.” கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணாடி போடவேண்டும், சாதாரணக் கண்ணாடி போதாது என்று சொன்ன டாக்டர், விலையைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். முன்பக்கத்தில் எழுத அவருக்கே கூச்சமாக இருந்திருக்கலாம்.

எழுத்தரின் மனைவி சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

“ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிக்கிறீங்க?”

“ரெண்டு.”

“எத்தனை?”

“மூணு.”

“ஆறு மாசம் வீட்டுக் காப்பி குடிங்க. பாப்பாவுக்குக் கண்ணாடி வந்துரும்.”

“பாலு, பொடி எல்லாம் செலவு இல்லையா?”

“அதையும் சேர்த்துத்தான் சொல்றேன். பாதியைக் கூட்டாம விடறதுக்கு நான் என்ன உங்க ஆபீஸா?”

பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் சுமந்த சிவப்பு பிளாஸ்க், பதினோரு வருடம் கழித்து அலமாரியின் உச்சியிலிருந்து இறங்கியது. அளந்து பார்த்ததில் மூன்று கப் பிடித்தது.

அந்த மூன்று கப்பையும் விட்டுத் தொலைத்தால் என்ன என்று கேட்பவர்கள் அவருடைய வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். படிவங்களில் பெயர், முகவரி, தந்தை பெயர் என்று அச்சடித்துப் பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டிருப்பார்கள் அல்லவா? அந்தப் புள்ளிகளை எண்ணிச் சரிபார்ப்பது மூன்றாம் பிரிவின் பொறுப்பு. தந்தை பெயருக்கு நாற்பத்திரண்டு புள்ளி. குறைந்தால் தந்தைக்கு அவமரியாதை, கூடினால் மை நஷ்டம். காலை பத்து மணிக்கு ஒரு காப்பி உள்ளே போகாவிட்டால் புள்ளிகள் எறும்பாகிக் காகிதத்தை விட்டு இறங்கிப் போய்விடும்.

வாசலில் காவலர் ஒருவர் இருந்தார். நேர்மையான மனிதர். அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் தப்ப முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். பெரிய பதிவேட்டைத் திறந்து பேனாவை உதறினார்.

“என்ன சார் இது?”

“பிளாஸ்க்.”

“உள்ள என்ன?”

“காப்பி.”

“எவ்வளவு?”

“முழுசா இருக்கு.”

காவலர் மூடியைத் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு எழுதினார்: பிளாஸ்க் ஒன்று, காப்பி, முழுசு. வாசனைக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

எழுத்தர் உள்ளே போனார். தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் படிவக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்ததால் எல்லோரும் அங்கே பக்கவாட்டில்தான் நடப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரே மாதத்தில் நண்டு மாதிரி பழகிவிடுவார்கள். தம் நாற்காலியை அடைந்து, பத்துக்கு ஒரு கப், பன்னிரண்டுக்கு ஒரு கப், மூன்றுக்கு ஒரு கப் என்று குடித்தார். புள்ளிகள் அசையாமல் நின்றன.

“வாழ்றீங்கய்யா,” என்றார் பக்கத்து ஸீட்டுக்காரர்.

எழுத்தரும் அப்படித்தான் நினைத்தார், மாலை ஐந்து மணி வரை.

ஐந்து மணிக்குக் காவலர் பிளாஸ்கைத் திறந்து உள்ளே பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

“சார், காலையில முழுசா இருந்துச்சே.”

“குடிச்சுட்டேன்.”

“முழுசையுமா?”

“என் காப்பிதானேங்க.”

“உங்களுதுதான் சார். யாரு இல்லைன்னா? ஆனா விதி பதினாலு இருக்கே.”

விதி பதினாலு எளிமையானது. என்றோ ஒருநாள் ஒருவர் காலிப் பையோடு உள்ளே வந்து, மேசை விசிறியோடு வெளியே போனார். அதற்குப் பிறகு கழகம் ஏழு மாதம் யோசித்து எழுதிய விதி: உள்ளே வந்தது எதுவோ அதுவே, எவ்வளவோ அவ்வளவே, வெளியே போகவேண்டும்.

“அப்போ சாப்பாட்டு டப்பா? அது தினமும் காலியாத்தானே போகுது?”

“சாப்பாடு மெல்லக்கூடிய பொருள் சார். மெல்லக்கூடிய பொருளுக்கு விலக்கு உண்டு.”

“தண்ணி?”

“நிறம் இல்லாத பொருளுக்கும் உண்டு.”

“நான் காப்பியை மென்னேன்னு வெச்சுக்குங்களேன்.”

காவலர் உண்மையிலேயே யோசித்தார். “மென்னீங்களா?”

“இல்லை.”

“அப்போ முடியாது சார்.”

எழுத்தர் கடைசியாக ஒரு வாதம் வைத்தார். காப்பி தமக்குள்ளே இருக்கிறது, தாம் வெளியே போனால் காப்பியும் கூடவே வெளியே போகத்தானே போகிறது? காவலர் இதை அக்கறையோடு கேட்டுவிட்டு, பதிவேட்டில் எழுதியிருப்பது பிளாஸ்க், எழுத்தர் இல்லை என்று சுட்டிக்காட்டினார். தெரு முனையில் ஐந்து இருபது பஸ் வந்து நின்று, போனது.

“ஆறு மணி வரைக்கும் கேன்டீன் இருக்கும் சார்,” என்றார் காவலர், மனசு கேட்காமல்.

எழுத்தர் கேன்டீனில் மூன்று கப் காப்பி வாங்கி, பிளாஸ்கில் ஊற்றி, மூடி, வெளியே வந்தார். காவலர் எழுந்து நின்று வழிவிட்டார்.

வீட்டில் மனைவி பிளாஸ்கைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது.

“குடிக்கவே இல்லையா?”

“குடிச்சேனே.”

“அப்போ இது என்ன?” ஒரு வாய் குடித்தவள் முகம் மாறியது. “நான் போட்டது இது இல்லையே. இது பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. யாரு போட்டா இது?”

கல்யாணமான நாளிலிருந்து எழுத்தரை அவள் அவ்வளவு சந்தேகமாகப் பார்த்ததில்லை. நடந்ததை அவர் சொன்னபோது சந்தேகம் போனது. அதற்குப் பதிலாக வந்த பார்வை இன்னும் மோசமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எழுத்தர் தந்திரமாக நடந்துகொண்டார். வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்று மூன்று கப்பையும் வரிசையாகக் குடித்துவிட்டு, காலி பிளாஸ்கோடு உள்ளே போனார். காலி என்று பதிவானது. மாலை காலியாகவே வெளியே போகலாம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, காலை ஒன்பதரைக்கு இதயம் தட்டச்சு செய்ய ஆரம்பித்ததையும், பன்னிரண்டு மணிக்கு அந்த வேகம் மொத்தமாக ஓய்ந்து அவர் கேன்டீனுக்கே போக நேர்ந்ததையும் தவிர.

புதன்கிழமை அவருக்கு நிஜமாகவே ஒரு யோசனை வந்தது. பதிவேட்டில் இருப்பது ‘காப்பி, முழுசு’. எவ்வளவு காப்பி, எவ்வளவு தண்ணீர் என்று எங்கேயும் இல்லை. மாலை கேன்டீனில் ஒரே ஒரு கப் வாங்கினார். மீதிக்குக் குழாய்த் தண்ணீர். காவலர் திறந்து பார்த்தார். மங்கலாக ஏதோ இருந்தது. முழுசாக இருந்தது. போகச் சொன்னார்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. மனைவி மறுபடி கணக்குப் போட்டு, ஆறு மாதம் இல்லாவிட்டாலும் ஒன்பது மாதத்தில் கண்ணாடி வந்துவிடும் என்றாள். பாப்பா வீட்டுப்பாடத்தை மூக்கால் எழுதுகிற மாதிரி குனிந்து எழுதிக்கொண்டே, “பிரேம் பிரவுன் கலர்ல இருக்கட்டும்பா,” என்றாள். அவர் வாழ்க்கையில் அந்த இரண்டு வாரம் தனியாக நிற்கிறது.

மூன்றாம் வாரம் பொருட்காப்பு அதிகாரி வாசலில் திடீர்ச் சோதனை நடத்தினார். கழகத்தின் சொத்துகளைக் காப்பவர் அவர். எழுத்தரின் பிளாஸ்கிலிருந்து ஒரு மூடி ஊற்றி வெயிலில் பிடித்தார். மூடியின் அடியில் தயாரிப்பாளர் பெயரைப் படிக்க முடிந்தது.

மறுநாள் எழுத்தர் அதிகாரியின் அறையில் பிளாஸ்கோடு நின்றார். அதிகாரியின் மேசையில் வெள்ளைக் கோப்பையில் காப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அது அலுவலகச் செலவில் வருவது. உள்ளேயே பிறந்து உள்ளேயே முடிந்துவிடுவதால் விதி பதினாலு அதைத் தொடுவதில்லை.

“காலையில வந்த காப்பி என்ன நிறம்?” என்றார் அதிகாரி.

“நல்ல நிறம் சார்.”

“சாயங்காலம் போனது?”

எழுத்தர் பிளாஸ்க் மூடியை இறுக்கினார்.

“பொருளை மாத்தி வெளியே கொண்டுபோயிருக்கீங்க. இது சாதாரண விஷயமா? இன்னிக்குக் காப்பி வெளுக்கும், நாளைக்கு நாற்காலி வெளுக்கும். இந்தக் கட்டடத்திலேருந்து இருபத்தாறு வருஷமா ஒரு குண்டூசி வெளியே போனதில்லை, தெரியுமா? வேற எந்த ஆபீஸ் இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்? தாழ்வாரத்துல படிவம் அடுக்கியிருக்கே, பாத்திருக்கீங்களா?”

“அதுக்கு நடுவுலதான் சார் நடந்து வரேன்.”

“எல்லாம் நாம அச்சடிச்சது. வெளியே அனுப்பச் சொல்லி ஏழெட்டு இடத்துலேருந்து கேட்டாங்க. கெஞ்சிக்கூடக் கேட்டாங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இதுக்கு உள்ளே வந்த பதிவு இருக்கா? இல்லை. இங்கேயே அச்சடிச்சதுக்கு எப்படி இருக்கும்? உள்ளே வராத பொருள் எப்படிய்யா வெளியே போகும்?”

“காகிதம் வெளியிலேருந்துதானே சார் வந்துச்சு?”

“காகிதமா வந்தது காகிதமாப் போகட்டும், நான் தடுக்கலை. படிவமாப் போக முடியாது.”

“அப்போ படிவம் கேட்டவங்க?”

“வெள்ளைத் தாள்ல எழுதிக்கறாங்க. எல்லாம் நல்லாத்தான் நடக்குது. இதுவரைக்கும் ஒரு புகார் இல்லை.” அதிகாரி ஒரு வாய் குடித்தார். “புகார் பண்றதுக்கும் நம்ம படிவம்தானே வேணும்.”

பதினான்கு வருடமாகத் தாம் எண்ணிய புள்ளிகளில் ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை என்பது எழுத்தருக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்தத் தந்தையின் பெயரும் அந்த நாற்பத்திரண்டு புள்ளியின் மேல் ஏறவில்லை. அவருக்கு ஒரு காப்பி குடித்தால் தேவலை என்று இருந்தது.

அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் வந்தார். கையில் மேலிடத்துக் கடிதம். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர்களில் ஒரு சிக்கன முன்னோடியைக் கண்டுபிடித்து வெள்ளிக்கிழமைக்குள் பெயர் அனுப்பவேண்டும்.

“நம்மகிட்ட யாருய்யா மிச்சம் பிடிக்கிறவன்?” என்றார் இயக்குநர், அலுப்போடு. “இருநூறு பேர்ல ஒருத்தன் சிக்கல.”

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். “ஒருத்தர் சிக்கியிருக்கார் சார். கையும் பிளாஸ்குமா.”

இப்படியாக, தண்டனைக்கு வந்த எழுத்தர் பதவியோடு திரும்பினார். ‘வீட்டுக் காப்பி முன்னோடித் திட்டம்’ அடுத்த நாளே தொடங்கியது. திட்டப்படி அவர் ஆறு மாதத்துக்கு வேலைநாள் ஒவ்வொன்றிலும் மூன்று கப் வீட்டுக் காப்பி கொண்டுவர வேண்டும். பத்து, பன்னிரண்டு, மூன்று மணிக்குச் சாட்சியின் முன் குடிக்க வேண்டும். மாலையில் விதி பதினாலின்படி பிளாஸ்க் முழுசாக, அதே நிறத்தில், வெளியே போகவேண்டும். நிறம் பார்க்கக் காவலருக்கு ஒரு வண்ண அட்டை தரப்பட்டது. அதில் பழுப்பு ஏழு வகையாக இருந்தது.

“சார்,” என்றார் எழுத்தர், “சாயங்காலம் நிரப்பறதுக்கு நான் கேன்டீன்ல வாங்கணும். அப்போ வீட்டுக் காப்பிக்கும் செலவு, இதுக்கும் செலவு. முன்னைவிட ஜாஸ்தி ஆயிடும்.”

இயக்குநர் முகம் சுளித்தார். “செலவைப் பத்திப் பேசாதீங்க. இது சிக்கனத் திட்டம்.”

“எனக்கு வேண்டாம்னு சொன்னா?”

“தாராளமாச் சொல்லலாம். முழுக்க முழுக்க உங்க விருப்பம். என்ன, அந்த நிறம் மாத்தின கேஸை மட்டும் அப்புறம் தனியா எடுத்துக்கணும்.”

எழுத்தர் விரும்பினார்.

மனைவியின் காப்பி வண்ண அட்டையில் ஐந்தாம் எண்ணில் வந்தது. கேன்டீன் காப்பி இரண்டில் நின்றது. ஐந்துக்கு வரவேண்டுமானால் பொடி இரண்டு மடங்கு போடவேண்டும், விலையும் இரண்டு மடங்கு. கேன்டீன்காரர் தினமும் ஐந்து மணிக்கு அவரைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “அஞ்சாம் நம்பர் மூணு,” என்று குரல் கொடுப்பார். பிறகு பாசத்தோடு, “அண்ணே, சாயங்காலத்துல இங்கே ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். உங்களாலதான் புது அடுப்பு வாங்கினேன்,” என்பார். மனிதர் அந்த ஆண்டு அடைந்த முன்னேற்றத்தை ஒருவரும் திட்டமாக அறிவிக்கவில்லை.

சாட்சிகள் விஷயம் ஒரு மாதத்தில் சிக்கலானது. குடித்தது வீட்டுக் காப்பிதான் என்று கையெழுத்துப் போட ருசி தெரியவேண்டாமா என்று ஒரு சாட்சி கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அரை கப் கொடுக்கப்பட்டது. ஒருவரின் ருசியை மட்டும் நம்பக்கூடாது என்று குழு ஒன்று அமைத்தார்கள். குழுவில் ஐந்து பேர். எழுத்தரின் மனைவி நல்ல காப்பி போடுகிறவள் என்பது மூன்றாம் பிரிவைத் தாண்டிப் பரவியதும் குழு ஒன்பதானது. பத்து மணி அமர்வில் முதல் கப், பன்னிரண்டு மணி அமர்வில் இரண்டாவது, மூன்று மணி அமர்வில் மூன்றாவது என்று குழு அவற்றை முறைப்படி ஆராய்ந்தது. எழுத்தர் பக்கத்தில் நின்று, ‘மேற்படி காப்பியை நான் குடித்தேன்’ என்ற வாசகத்தின் கீழ்க் கையெழுத்துப் போடுவார். பிறகு கேன்டீனுக்குப் போய் இரண்டாம் நம்பர் ஒன்று குடிப்பார்.

“என்னய்யா, சிக்கனச் செம்மல்,” என்றார் பக்கத்து ஸீட்டுக்காரர் ஒருநாள். அவரும் குழுவில் இருந்தார். “நேத்து சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. வீட்ல சொல்லுங்க.”

எழுத்தர் வீட்டில் சொன்னார். மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இந்த மாசம் எவ்வளவு மிச்சம்?”

“மிச்சம்னு பாத்தா…”

“நான் அஞ்சு மணிக்கு எழுந்து காப்பி போடறேன். அதை ஒம்போது பேர் குடிக்கிறான். கேன்டீன்காரன் போட்டதை நீங்க காசு குடுத்து வாங்கிட்டு வரீங்க. அதைச் சாயங்காலம் நாங்க குடிக்கிறோம். பாப்பாவுக்குக் காப்பியே ஆகாது. இதுல யாரு எதை மிச்சம் பிடிக்கிறா?”

“திட்டம் முடியட்டும்மா.”

“எல்லாத்தையும் வந்த மாதிரியேதான் வெளியே விடுவாங்கன்னா, உங்களை எப்படி தினமும் விடறாங்க?”

எழுத்தர் சட்டையைக் கழற்றி மாட்டினார். “பதினாலு வருஷமா வந்த மாதிரியேதான் போறேன். அதனால விடறாங்க.”

பாப்பா நோட்டிலிருந்து நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். அந்தத் தூரத்தில் அவளுக்கு முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். சிரிக்கவில்லை.

ஆறாம் மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. திட்ட நிறைவு விழாவில் முன்னோடிக்குப் பரிசு உண்டு. வேறு ஏதோ நிறுவனத்தில் உறையில் பணமாகக் கொடுத்தார்களாம் என்று பக்கத்து ஸீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எழுத்தர் அன்று மாலை வாங்கிய ஐந்தாம் நம்பரைக் கொஞ்சம் சந்தோஷமாகவே தூக்கிக்கொண்டு போனார். மனைவி மறுநாள் பாப்பாவைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போய், பழுப்பு பிரேம் ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் வைத்திருப்பேன் என்றார். விழா வியாழக்கிழமை.

விழாவுக்கு மேடை போட்டார்கள். பின்னால் பதாகை, முன்னால் மைக். இருநூறு பேருக்கும் இரண்டு தடவை காப்பி வந்தது, சிக்கன விழிப்புணர்வுச் செலவில். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து நடுவில் உட்கார்ந்து தூங்கினார். பொருட்காப்பு அதிகாரி புள்ளிவிவரம் வாசித்தார்: ஆறு மாதத்தில் உள்ளே வந்த காப்பி முந்நூற்றறுபது கப், வெளியே போனது முந்நூற்றறுபது கப், இழப்பு இல்லை. கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, சிக்கனம்னா என்ன? நிறைய பேர் செலவைக் குறைக்கிறதுன்னு நினைக்கிறாங்க. அது கருமித்தனம். சிக்கனம்கறது ஒரு மனநிலை. அதை வளர்க்கணும். வளர்க்கறதுன்னா செலவு ஆகத்தான் செய்யும். இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு செலவாச்சுன்னு மேலிடத்துல கேட்டாங்க. நான் பெருமையாச் சொன்னேன். இவ்வளவு சிக்கனம் இதுவரைக்கும் எந்த ஆபீஸாலயும் தாங்க முடிஞ்சதில்லைன்னு. இன்னிக்கு நம்ம முன்னோடிக்கு என்ன பரிசு குடுக்கலாம்னு குழு நாலு தடவை கூடிப் பேசுச்சு. பணமாக் குடுக்கலாம்னு ஒரு உறுப்பினர் சொன்னார். நான் கேட்டேன், பணமாக் குடுத்தா என்ன ஆகும்? செலவாயிடும். அப்புறம் நாம நடத்தின திட்டத்துக்கு என்ன அர்த்தம்?”

துணியை விலக்கினார்கள். ஒரு பிளாஸ்க். பெரியது, பளபளப்பானது, கழகத்தின் முத்திரை பதித்தது. இயக்குநர் தம் கையாலேயே அதில் கேன்டீன் காப்பியை நிரப்பிக் கொடுத்தார். புகைப்படம் எடுத்தார்கள். தூங்கியவரும் புகைப்படத்துக்கு விழித்தார்.

எழுத்தர் அதைக் கையில் வாங்கியபோது அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அந்த எண்ணை அவர் முன்பே பார்த்திருக்கிறார், ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில். கொஞ்சம் கூடவே இருந்தது.

மேடையிலிருந்து இறங்கும்போது அவர் மனம் வேகமாக வேலை செய்தது. கடைத்தெருவில் பாத்திரக் கடை ஒன்று இருக்கிறது. புதுப் பொருள், சீட்டுக்கூடக் கிழியவில்லை. பாதி விலைக்குப் போனால்கூட முன்பணம் ஆகும். மீதியைத் தவணையில் கட்டலாம். நாளை வெள்ளிக்கிழமை. தாழ்வாரத்தில் படிவங்களுக்கு நடுவே, இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்கோடு, முதல் தடவையாக நேராக நடக்கப் பார்த்தார். தோள்பட்டை இடித்தது.

காவலர் சிவப்பு பிளாஸ்கைத் திறந்தார். அட்டையை வைத்துப் பார்த்தார். ஐந்தாம் நம்பர், முழுசு. டிக் அடித்தார். பிறகு பெரிய பிளாஸ்கைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டி முன்பக்கம் பார்த்தார். எழுத்தரை மட்டும் பார்க்கவில்லை.

“சார்…”

“பரிசுங்க. இயக்குநர் குடுத்தது. நீங்களும் பாத்தீங்களே, கைதட்டினீங்களே.”

“பாத்தேன் சார். ஆனா இது உள்ளே வந்த பதிவு இல்லையே.”

“உள்ளே எப்படி வந்துச்சு அப்போ?”

“இயக்குநர் கார்ல வந்துச்சு. காருக்குச் சோதனை கிடையாது. அவர் கார்ல திருப்பி வெளியே போகலாம். உங்க கையில போக முடியாது.”

“கொஞ்சம் கண்டுக்காம விடுங்களேன். என் பொண்ணுக்குக் கண்ணாடி வாங்கணும். இதை வித்தாத்தான்…”

காவலரின் கண் கலங்கியது. அவருக்கும் பெண் இருந்தது. ஆனாலும் அவர் நேர்மையானவர் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறோம். பெரிய பிளாஸ்கை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய், ‘தந்தை பெயர்’ படிவக் கட்டுகளின் உச்சியில் வைத்துவிட்டு வந்தார். பத்திரமாக இருக்கும் சார் என்றார். அதை எழுத்தர் நம்பினார். அந்தக் கட்டடத்தில் வைத்தது எதுவும் தொலைந்ததில்லை.

ஐந்து இருபது பஸ் போயிருந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தபோது, விழாவில் பரிசோடு வாங்கிச் சட்டைப்பையில் செருகிய உறை நினைவு வந்து பிரித்தார். அடைந்த மாபெரும் வெற்றியைக் கருத்தில் கொண்டு திட்டம் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது. பரிசாகப் பெற்ற பிளாஸ்கில் ஆறு கப் பிடிக்கும் என்பதால், திங்கள் முதல் ஆறு கப் கொண்டுவரவும்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து, அவர் கையைப் பார்த்தாள். சிவப்பு பிளாஸ்க் மட்டும் இருந்தது. ஒன்றும் கேட்காமல் வாங்கி மூன்று டம்ளரில் ஊற்றினாள்.

பாப்பாவை வகுப்பில் முதல் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்தும் தெரியவில்லை.